பிசிஏ படுத்தும்போது எக்ஸெல் ஷீட்டில் எங்கே கை வைப்பது

மார்ச் பிறந்துவிட்டால் தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது. கீழே தீசிஸ் பைண்டிங், மேலே புள்ளியியல். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று நாலா பக்கமிருந்தும் ஆராய்ச்சி மாணவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நிலத்தடி நீர், மாம்பழம், ராகி, பட்டுப்புழு, சுய உதவிக் குழு என்று தலைப்பு ஆளுக்கு ஒன்று. வாயைத் திறந்ததும் வருவது மட்டும் ஒரே வாசகம்: “பிசிஏ போட்டேன் சார், என்னமோ மாதிரி வந்திருக்குங்க.”

அந்த ‘என்னமோ மாதிரி’யைத்தான் இங்கே அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் தொல்லை எதுவோ அந்த இடத்தை மட்டும் படித்தாலும் போதும். அடுத்த பத்தியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

பிசிஏ, அதாவது முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு மேசைமேல் ஒரு பெங்களூரா மாம்பழத்தை வைத்துக் காட்டுவேன். சீசன் இல்லாவிட்டால் சோப்புக்கட்டி. காம்பிலிருந்து மூக்கு வரை நீளவாக்கில்தான் அந்தப் பழம் அதிகம் நீண்டிருக்கிறது. அந்த அச்சுதான் முதல் கூறு. அதற்குச் செங்குத்தாக, மீதியில் எந்தப் பக்கம் அகலமோ அது இரண்டாவது. தடிமன் மூன்றாவது. பழத்தை வெட்டவில்லை, நசுக்கவில்லை. பார்க்கும் கோணத்தைத் திருப்பியதோடு சரி. 60 கிணறுகளில் 12 அளவீடு எடுத்திருந்தால், அது 12 பரிமாணத்தில் மிதக்கும் ஒரு பழம். கார்ல் பியர்சன் 1901-ல் இதைப் புள்ளிகளுக்கு நெருக்கமான கோடு, தளம் தேடும் கணக்காக எழுதினார். ‘முதன்மைக் கூறுகள்’ என்ற பெயரோடு இன்றைய வடிவத்தைத் தந்தவர் ஹாரல்டு ஹோட்டலிங், 1933-ல். இருவர் கணக்கிலும் ஒன்று பொது: எண்கள் எந்தத் திசையில் அதிகம் சிதறியிருக்கின்றனவோ அதைத்தான் பிசிஏ முதலில் காட்டும். எது முக்கியம் என்பது அதற்குத் தெரியாது. கீழே வரும் தொல்லைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால் வருபவை.

“முதல் கூறே 99 சதவீதம் வந்திருச்சுங்க சார்”

மொத்தச் சிதறலில் 99 சதவீதம் முதல் கூறிலேயே அடங்கிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டவன்தான்.

என் எம்.ஃபில். ஆய்வு நிலத்தடி நீர் பற்றியது. அன்றைக்கு மென்பொருள் வாங்கக் காசில்லை. சி மொழியில் நானே நிரல் எழுதினேன். முதல் கூறு 99-ஐத் தாண்டியது. வழிகாட்டி முதுகில் தட்டிக் கொடுத்தார். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் மட்டும் பக்கத்தைப் புரட்டாமல் நிறுத்தி, “ஃபுளோரைடை மில்லிகிராமில் எழுதாமல் மைக்ரோகிராமில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும், தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு இதுதான். மின்கடத்துதிறன் (இசி) மைக்ரோசீமென்ஸில் இருக்கிறது. அதன் திட்டவிலக்கம் 800 என்று வையுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு மில்லிகிராமில், திட்டவிலக்கம் 0.9. சிதறலை வர்க்கத்தில்தான் கணக்கிடுகிறோம். ஆகவே இசி-யின் பங்கு 6,40,000. ஃபுளோரைடின் பங்கு 0.81. ஏறத்தாழ 8 லட்சம் மடங்கு வித்தியாசம். முதல் கூறு என்ற பெயரில் இசி நிரலையே திருப்பித் தந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது ஃபுளோரைடை மைக்ரோகிராமுக்கு மாற்றுங்கள். திட்டவிலக்கம் 900, வர்க்கம் 8,10,000. ஒரே கிணறு, ஒரே தண்ணீர். அலகை மாற்றியதும் முதல் கூறு ஃபுளோரைடு பக்கம் சாய்ந்துவிட்டது.

தீர்வு: அலகுகள் வெவ்வேறாக இருந்தால், ஒவ்வொரு நிரலிலும் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்துவிடுங்கள். உடன்மாறல் அணிக்குப் (மாறிகள் சேர்ந்து ஏறி இறங்குவதை அலகோடு காட்டும் அட்டவணை) பதில் ஒட்டுறவு அணியில் (அதையே அலகில்லாமல் -1 முதல் 1 வரை காட்டுவது) பிசிஏ போடுவதும் இதுவும் ஒன்றே. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தானாகவே ஒட்டுறவு அணியை எடுத்துக்கொள்ளும். ஆர் மென்பொருளின் பிஆர்காம்ப் கட்டளை சராசரியைக் கழிக்கும். திட்டவிலக்கத்தால் வகுக்காது, நீங்கள்தான் ‘ஸ்கேல்’ என்று சொல்ல வேண்டும். பைத்தானின் சைகிட்-லேர்னும் அப்படியே. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பைண்டிங் ஆன தீசிஸ்கள் எத்தனையோ கீழ்க்கடை வழியாகப் போயிருக்கின்றன.

எல்லா இடத்திலும் வகுத்துவிடாதீர்கள். அகச்சிவப்பு நிறமாலை வைத்திருப்பவர்கள் (பால், தேன், மண், மாத்திரை எதுவானாலும்) நூற்றுக்கணக்கான அலைநீளங்களை ஒரே அலகில்தான் அளந்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொன்றையும் திட்டவிலக்கத்தால் வகுத்தால், ஒன்றுமே இல்லாத அலைநீளத்தின் இரைச்சலும் உச்சியின் உயரத்துக்கு வந்து நிற்கும். சராசரியை மட்டும் கழியுங்கள். வளர்சிதைப் பொருள்களை அளப்பவர்கள் நடுவழியாகத் திட்டவிலக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பதுண்டு. அதற்கு பரேட்டோ முறை என்று பெயர்.

சராசரியைக் கழிக்காமல் நேரடியாக எஸ்விடி (பிசிஏ-வுக்கு அடியில் ஓடும் அணிக் கணக்கு) போட்டவர்களுக்கும் இதே 99 வரும். அங்கே முதல் கூறு சராசரியை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சராசரி என்பதிலும் வம்பு உண்டு. மரவளையங்களை வைத்துப் பழைய வெப்பநிலையைக் கணித்த மைக்கேல் மான் குழுவின் 1998 ஆய்வில், முழுக் காலத்தின் சராசரிக்குப் பதில் 1902 முதல் 1980 வரையிலான சராசரியைக் கழித்திருந்தார்கள். அது முதல் கூறின் வடிவத்தை ஒரு பக்கம் இழுக்கும் என்ற விமர்சனம் 2005-ல் பெரிய சண்டையானது. அப்படிக் கழிப்பது நல்ல வழக்கமில்லை, ஆனால் இறுதி முடிவை அது பெரிதாக மாற்றவில்லை என்று 2006-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு சொன்னது.

“ஓடவே மாட்டேங்குது, சிவப்பு எழுத்துல திட்டுது”

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நிரலில் எண் இல்லாதது ஏதோ உட்கார்ந்திருக்கிறது. ஆய்வகம் தந்த அறிக்கையில் ‘பிடிஎல்’ என்று இருந்திருக்கும், கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று பொருள். அதை அப்படியே ஒட்டினால் மென்பொருள் அந்த நிரலையே எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு இருந்தால் அந்த எல்லையில் பாதியைப் போடுங்கள், போட்டதை எழுதியும் வையுங்கள். பாதி நிரலே பிடிஎல் என்றால் அந்த நிரல் பிசிஏ-வுக்கு ஆகாது. காலிக் கட்டத்தில் 0 போடும் பழக்கம் இன்னும் மோசம். அளக்காத கிணறும் சுத்தமான கிணறும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, சிதறலே இல்லாத நிரல். இது நம் ஊருக்கே உரிய தொல்லை. வீட்டுப் பொருள்களை வைத்து வசதிக் குறியீடு கட்டும் முறை உலகெங்கும் இருக்கிறது. ஃபில்மர், பிரிட்செட் இருவரும் 2001-ல் இந்தியத் தரவுகளை வைத்துத்தான் அதைப் பிரபலமாக்கினார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் வசதிக் குறியீடும் பிசிஏ-வில்தான் நிற்கிறது. ஒரு மாணவி மொரப்பூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், மிக்சி உண்டா, கிரைண்டர் உண்டா, மின்விசிறி உண்டா என்று கேட்டு வந்திருந்தாள். 2011-ல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் மூன்றும் வீட்டுக்கு வந்துவிட்டன. 2006-லேயே வண்ணத் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. எல்லா வரியிலும் 1, 1, 1. திட்டவிலக்கம் பூச்சியம், பூச்சியத்தால் வகுக்க முடியாது, மென்பொருள் நின்றுவிட்டது. வேறொரு மாநிலத்துக் கேள்வித்தாளை இறக்குமதி செய்தால் இதுதான் நடக்கும். ‘மிக்சி உண்டா’ என்பதை எடுத்துவிட்டு ‘ஃபிரிட்ஜ் உண்டா, இன்வெர்ட்டர் உண்டா, கழிவறை வீட்டுக்குள்ளா வெளியிலா’ என்று மாற்றினோம், ஓடியது.

மூன்றாவது, ஒரே விஷயத்தை இரண்டு பெயரில் போட்டிருப்பது. நீர்த் தரவில் இது தொற்றுநோய். டிடிஎஸ்-ஐ (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்) ஆய்வகத்தில் ஆவியாக்கி எடை போட்டிருக்க மாட்டார்கள், இசி-யை 0.64-ஆல் பெருக்கி எழுதியிருப்பார்கள். மொத்தக் கடினத்தன்மை என்ற நிரலையும் தட்டிப் பாருங்கள்: கால்சியத்தை 2.5-ஆலும் மெக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் அதே எண் வருகிறதா? வந்தால் அது கணக்குப் போட்டு எழுதிய நிரல், அளந்த நிரல் இல்லை. எஸ்பிஎஸ்எஸ்ஸில் கேஎம்ஓ அட்டவணை (தரவு இந்தப் பகுப்பாய்வுக்கு ஏற்றதா என்று சொல்வது) காணாமல் போகும். அணி ‘நேர்மறை நிச்சயம் இல்லை’ என்று ஒரு குறிப்பு வரும். ஆர் எதுவும் சொல்லாமல் ஓடிவிடும், கடைசி ஐகன் மதிப்பு (அந்தக் கூறு பிடித்திருக்கும் சிதறலின் அளவு) மட்டும் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். என்னைக் கேட்டால் திட்டுகிற மென்பொருளே நல்லது. ஓடிவிட்டால் என்ன கெடுதல் என்றால், உப்பு பற்றிய ஒரே செய்தி இசி, டிடிஎஸ், குளோரைடு, கடினத்தன்மை என்று நாலு ஓட்டுப் போட்டு முதல் கூறைப் பிடித்துக்கொள்ளும். “உவர்ப்பே தலையாய காரணி” என்று நீங்களும் எழுதிவிடுவீர்கள். அந்தத் தலைமை கள்ள ஓட்டில் வந்தது.

“எல்லாப் புள்ளியும் ஒரு மூலையில, ஒண்ணு மட்டும் ஊருக்கு வெளியே”

அந்த ஒன்றின் வரிசை எண்ணைப் பாருங்கள். பிஹெச் 7.8-க்குப் பதில் 78 என்று இருக்கும். பத்தில் எட்டு முறை புள்ளி விடுபட்டதுதான். மீதி இரண்டு முறை உண்மையாகவே வேறுபட்ட கிணறு, அதை அழித்துவிடாதீர்கள். அதைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை ஓட்டி இரண்டையும் தீசிஸில் வையுங்கள்.

“முதல் கூறுல எல்லாத்துக்கும் ஒரே குறி, ஒண்ணும் புரியல”

எனக்குப் பிடித்த அறிகுறி இது. எந்தத் துறைக்குப் போனாலும் இது வேறு வேறு வேஷத்தில் வந்து நிற்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பெங்களூரா, நீலம், செந்தூரா, மல்கோவா என்று பழத்தின் நீளம், அகலம், தடிமன், எடை, கொட்டையின் நீளம், எடை எல்லாம் வெர்னியரில் அளந்திருந்தான். முதல் கூறில் எல்லா லோடிங்கும் (அந்தக் கூறில் ஒவ்வொரு மாறிக்கும் உள்ள எடை) நேர்மறை, எல்லாம் ஏறக்குறைய சமம். “இது என்ன சார் காரணி?” என்றான். பழம் பெரிசா சின்னதா என்பதுதான் காரணி. பெரிய பழத்தில் எல்லாமே பெரிசு. 1960-ல் ஜோலிகூர், மோசிமன் இருவரும் வண்ண ஆமைகளின் ஓட்டை அளந்து இதையே கண்டார்கள்: முதல் கூறு உருவம், அடுத்தவை வடிவம்.

அணியில் உள்ள ஒட்டுறவுகள் எல்லாம் நேர்மறையாக இருந்தால், முதல் கூறில் எல்லாக் குறியும் ஒன்றாகத்தான் இருக்கும். அது பெரோன்–ஃபிராபீனியஸ் தேற்றம். அதில் உங்கள் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. இன்னும் சின்ன உதாரணம் வேண்டுமா? இரண்டே மாறிகளை எடுங்கள், ஒட்டுறவு 0.6. ஐகன் மதிப்புகள் 1.6, 0.4. முதல் கூறு 80 சதவீதம். லோடிங் இரண்டும் 0.707. ஒட்டுறவு 0.6-க்குப் பதில் 0.1 என்றாலும் லோடிங் அதே 0.707தான். இரண்டு மாறியில் பிசிஏ போட்டு “இரண்டும் சமமாகப் பங்களிக்கின்றன” என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் திருத்தாமல் விட்டுவிட்டேன், இன்றும் மனசுக்குள் உறுத்துகிறது.

துறை மாறினால் வேஷம் மாறும். அரசுக் கடன் பத்திர வட்டிவிகிதங்களில் முதல் கூறு, எல்லாத் தவணை வட்டியும் சேர்ந்து ஏறி இறங்குவது. 1991-ல் லிட்டர்மன், ஷைன்க்மன் அதை மட்டம் என்றும், அடுத்த இரண்டைச் சரிவு, வளைவு என்றும் பிரித்துக் காட்டினார்கள். பங்குச் சந்தையில் முதல் கூறு சந்தைதான். செயற்கைக்கோள் படத்தில் அது மொத்த வெளிச்சம். செடி எது, பாறை எது என்பது இரண்டாவதிலிருந்துதான் பிரியத் தொடங்கும். முக அடையாளத்தில் இன்னும் வேடிக்கை. சிரோவிச், கிர்பி 1987-ல் முகங்களைக் கூறுகளாக்கினார்கள். டர்க், பென்ட்லண்ட் 1991-ல் அதை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். ஆனால் விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது என்பதே முதல் சில கூறுகளைப் பிடித்துக்கொண்டது. முதல் மூன்றைத் தூக்கி எறிந்தால் தேறும் என்பது அந்தத் துறையில் கைவைத்தியம்.

ஆக, செய்ய வேண்டியது என்ன? உருவமே உங்கள் கேள்வி என்றால் முதல் கூறைப் பெயர் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். ரகங்களை வடிவத்தால் பிரிப்பதுதான் கேள்வி என்றால், அளவீடுகளை மடக்கையாக்கி, ஒவ்வொரு பழத்திலும் அதன் சராசரியைக் கழித்துவிட்டுப் போடுங்கள். அல்லது இரண்டாவது, மூன்றாவது கூறைப் படமாக்குங்கள். அந்தப் பையனின் பெங்களூரா மூக்கு இரண்டாவது கூறில்தான் எட்டிப் பார்த்தது.

“எஸ்பிஎஸ்எஸ்ல ஒண்ணு, ஆர்ல ஒண்ணு வருது”

இரண்டும் சரி. மேலே சொன்ன 0.6 உதாரணத்தையே எடுங்கள். ஆர் 0.707 என்று சொல்லும், எஸ்பிஎஸ்எஸ் 0.894 என்று சொல்லும். ஆர் தருவது திசை மட்டும். எஸ்பிஎஸ்எஸ் அதை ஐகன் மதிப்பின் வர்க்கமூலத்தால் (1.6-க்கு 1.265) பெருக்கித் தருகிறது; அப்போது அந்த எண், மாறிக்கும் கூறுக்கும் இடையிலான ஒட்டுறவாகிவிடும். 0.894-ஐ வர்க்கப்படுத்தினால் 0.8, அந்த மாறியில் 80 சதவீதம் அந்தக் கூறில் அடங்கியிருக்கிறது என்று படிக்கலாம். ஆர் எண்ணை அப்படிப் படிக்க முடியாது. “0.7-க்கு மேல் வலுவான லோடிங்” என்ற விதியை ஆர் எண்ணின்மேல் போட்டுப் பார்த்து, ஒன்றுமே தேறவில்லை என்று அழுதவர்கள் உண்டு.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் வேரிமேக்ஸ் என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால் கூறுகளையே சுழற்றியாகிவிட்டது. சுழற்றிய பிறகு முதல் கூறு அதிகச் சிதறல் கொண்டதாக இருக்க வேண்டியதில்லை. ஸ்க்ரீ படத்தை (ஐகன் மதிப்புகளை வரிசையாக இறக்கிக் காட்டுவது) சுழற்றாததிலிருந்தும் விளக்கத்தைச் சுழற்றியதிலிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள்.

குறி தலைகீழாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு அச்சுக்கு மேல் எது, கீழ் எது என்று கணக்குக்குத் தெரியாது. உங்கள் லேப்டாப்பில் கூட்டல், நண்பர் லேப்டாப்பில் கழித்தல் வரும். வசதிக் குறியீட்டில் மட்டும் இது ஆளைக் கவிழ்த்துவிடும்: வரிசைப்படுத்தினால் கூலி வேலைக் குடும்பம் உச்சியில் நிற்கும். நீங்கள் நேரில் பார்த்த ஒரு வசதியான வீட்டின் வரிசை எண்ணைத் தேடுங்கள். ஸ்கோர் கழித்தலில் இருந்தால் மொத்தத்தையும் -1-ஆல் பெருக்குங்கள்.

அப்படிப் பெருக்கியும் ‘கறவை மாடு’ மட்டும் கழித்தலிலேயே நிற்கிறதா? அது குறிப் பிழை இல்லை. ஓசூர் நகரத்து வீடுகளையும் அஞ்செட்டிக் கிராமங்களையும் ஒரே ஷீட்டில் போட்டிருப்பீர்கள். நகரத்து வீட்டில் ஏசி உண்டு, மாடு இல்லை. ஆகவே மாடு வறுமையின் அடையாளமாகிவிட்டது. அஞ்செட்டியில் போய் நாலு கறவை வைத்திருப்பவரை ஏழை என்று சொல்லிப் பாருங்கள். நகரம், கிராமம் தனித்தனியாகப் போட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவான பொருள்களை வைத்து இணையுங்கள்.

“எத்தனை கூறு எடுக்கணும்ங்க?”

இது அறிகுறியில்லை, கேள்வி. ஆனாலும் இங்கேதான் அதிகம் வழுக்கும். ஐகன் மதிப்பு 1-க்கு மேல் இருந்தால் எடு என்பது 1960-ல் கைசர் சொன்னது. ஸ்க்ரீ படத்தில் சரிவு முடிந்து தரை தொடங்கும் இடத்தில் நிறுத்து என்பது 1966-ல் கேட்டல் சொன்னது. இரண்டுக்கும் முன்னும் பின்னும் பலர் பலது சொன்னார்கள். நான் நம்புவது 1965-ல் ஹார்ன் தந்த இணைப் பகுப்பாய்வு.

அதன் கருத்தை எக்ஸெல்லிலேயே செய்து பார்க்கலாம். உங்கள் 30 கிணறு, 12 மாறி ஷீட்டை எடுத்து, ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாகச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துவிடுங்கள். இப்போது எந்த மாறிக்கும் எதனோடும் உறவில்லை. அதில் பிசிஏ போடுங்கள். முதல் ஐகன் மதிப்பு 1 வராது. 2-ஐத் தாண்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். வெறும் சீட்டுக் கலைப்பிலேயே 2 வருகிறது என்றால், 1.1 வந்த நான்காவது கூறுக்குப் பெயர் வைத்துப் பத்தி எழுதுவதில் என்ன அர்த்தம்? ஒரு நூறு முறை கலைத்துப் போட்டு, உங்கள் உண்மையான ஐகன் மதிப்பு எதுவரை அதைத் தாண்டுகிறதோ அதுவரை எடுங்கள். கிணறுகள் கூடக் கூட இந்தப் போலி உயரம் இறங்கிவிடும்.

“படத்துல லாடம் மாதிரி வளைஞ்சு நிக்குது”

முதல் கூறுக்கு எதிராக இரண்டாவதைப் போட்டால் ஆங்கில ‘யு’ எழுத்து வருகிறது. ஓகேனக்கலிலிருந்து கிழக்கே வரிசையாக எடுத்த மண், மாதா மாதம் அளந்த நீர்மட்டம், மேட்டூர் அணை நோக்கிப் போகும் ஆற்றோரச் செடிகள் என்று, இடத்திலோ காலத்திலோ வரிசையாக அமைந்த தரவு எதிலும் இது வரும். பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்கும், தூரப் புள்ளிகள் வேறாக இருக்கும். அந்த ஒரே சரிவைத்தான் இரண்டாவது கூறு மடித்துக் காட்டுகிறது. அதற்குத் தனிக் காரணம் தேடாதீர்கள்.

மரபியலில் இதே விஷயம் வரலாறாகவே படிக்கப்பட்டது. 1978-ல் கவாலி-ஸ்ஃபோர்சா குழு ஐரோப்பிய மக்களின் மரபணு விகிதங்களைக் கூறுகளாக்கி வரைபடத்தில் அலைகளாகக் காட்ட, அவை பழைய இடப்பெயர்வின் தடம் என்று பேசப்பட்டது. 2008-ல் நவம்பர், ஸ்டீபன்ஸ் இருவரும், இடப்பெயர்வே இல்லாமல் பக்கத்து மக்கள் ஒன்றுபோல் இருந்தால் போதும், அதே அலைகள் கணக்கிலிருந்தே கிளம்பும் என்று காட்டினார்கள். (நவம்பர் என்பது அவர் குடும்பப்பெயர். மாதம் என்று நினைத்து ஒரு பெண் ‘2008 நவம்பரில்’ என்று எழுதிவிட்டாள்.)

“ரகம் ரகமா பிரியவே மாட்டேங்குது”

பிரிக்கச் சொல்லி நீங்கள் பிசிஏ-விடம் கேட்கவே இல்லை. எது பெங்களூரா, எது நீலம் என்ற நிரல் அதன் கண்ணில் படுவதில்லை. குழுக்களைப் பிரிக்கும் திசை வேண்டுமென்றால் ஃபிஷர் 1936-ல் தந்த வேறுபடுத்தும் பகுப்பாய்வுக்குப் போங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: அழகாக இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும், ஆனால் ரகத்தால் இல்லை. நிறம் மாற்றிப் பாருங்கள்: அளந்த தேதியால், அளந்த ஆளால், அனுப்பிய ஆய்வகத்தால். மழைக்கு முன் எடுத்த மாதிரி ஒரு ஆய்வகம், மழைக்குப் பின் எடுத்தது வேறு ஆய்வகம் என்றால், ‘பருவ மாற்றம்’ என்று நீங்கள் எழுதுவது கருவி மாற்றமாக இருக்கலாம். இதைப் பிறகு பிரிக்க எந்தப் புள்ளியியலாளராலும் முடியாது. சில மாதிரிகளையாவது இரண்டு இடத்துக்கும் அனுப்பியிருக்க வேண்டும்.

“எல்லாம் கூட்டினா 100 வருது”

மணல், வண்டல், களி. அல்லது சாமல்பட்டிப் பாறையின் ஆக்சைடு சதவீதங்கள். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். அந்த எதிர்மறை உறவு மண்ணில் இல்லை, 100-ல் இருக்கிறது. விகிதங்களால் வரும் போலி ஒட்டுறவை 1897-லேயே எச்சரித்தவர் அதே கார்ல் பியர்சன். ஜான் அச்சிசன் 1980-களில் வழி சொன்னார்: வரிசையின் பெருக்குச் சராசரியால் வகுத்து மடக்கை எடுத்துவிட்டுப் பிசிஏ போடுங்கள். பூச்சியம் இருந்தால் மட்டும் முதலில் அதற்கு வழி பார்க்க வேண்டும்.

“அஞ்சு வரி எடுத்தா கூறே மாறிடுது”

அடுத்தடுத்த இரண்டு ஐகன் மதிப்புகளைப் பாருங்கள். 1.42, 1.39 என்று ஒட்டி நிற்கும். இப்போது பெங்களூராவை வைத்துவிட்டு மல்கோவாவைக் கையில் எடுங்கள். உருண்டைப் பழத்துக்கு எது நீளம், எது அகலம்? எங்கே பிடித்தாலும் அச்சுதான். அந்த இரண்டு கூறையும் சேர்த்து ஒரு தளமாகப் பேசுங்கள். தனித்தனியாகப் பெயர் வைக்காதீர்கள்.

“எல்லாம் சரியா வந்திருக்கு, ஆனா ஃபுளோரைடைக் காணோம்”

இந்த வருஷம் பென்னாகரத்துப் பக்கத்திலிருந்து வந்த பெண் சொன்னது. ஷீட் சுத்தமாக இருந்தது: வகுத்திருந்தாள், டிடிஎஸ்-ஐ நீக்கியிருந்தாள், கலைத்தும் பார்த்திருந்தாள். மூன்று கூறுகள் எடுத்து, முதலாவதுக்கு உவர்ப்பு, இரண்டாவதுக்குப் பாறைச் சிதைவு, நைட்ரேட் ஏறி நின்ற மூன்றாவதுக்கு உரமும் கழிவும் என்று பெயர் வைத்திருந்தாள். ஃபுளோரைடு நான்காவதில் இருந்தது. நான்காவதை விதிப்படி வெட்டிவிட்டாள்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீர் ஆய்வு என்று ஒன்று நடப்பதற்கே ஃபுளோரைடுதான் காரணம். ஊருக்குள் போனால் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை தெரியும். 2013-ல் திறந்த ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் 1.0 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. 1.2-லிருந்து 2.4-க்குப் போவது உடம்புக்குப் பெரிய தூரம். சிதறல் கணக்கில் அது 12 மாறிகளில் ஒன்று. மற்ற மாறிகள் கூட்டணி சேர்ந்து வரும். ஃபுளோரைடு பெரும்பாலும் தனியாள், ஆகவே பின் வரிசையில்தான் இடம் கிடைக்கும்.

வெட்டிய நான்காவதைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தோம். ஃபுளோரைடு, பைகார்பனேட், பிஹெச் ஒரு பக்கம், கால்சியம் எதிர்ப்பக்கம். பாறையின் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து நின்றுவிடும். காரத்தன்மை ஏறிக் கால்சியம் கால்சைட்டாக விழுந்துவிட்டால் ஃபுளோரைடைத் தடுக்க ஆளில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் வேதியியல் அப்படியே நான்காவது கூறில் உட்கார்ந்திருந்தது. எண்ணிக்கை விதி அதை இரைச்சல் என்றது. இரைச்சல் இல்லை என்று வேதியியல் சொன்னது. இப்படி இரண்டும் மோதும்போது அந்தக் கூறை அடைப்புக்குறிக்குள்ளாவது வைத்துக்கொண்டு, ஏன் வைத்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். விதியை மட்டும் நம்பி வெட்டாதீர்கள்.

பிறகு பிசிஏ-வை மூடிவிட்டு, பழைய ஷீட்டில் ஃபுளோரைடு நிரலை மட்டும் இறங்குவரிசையில் அடுக்கி, 1.5-க்கு மேல் உள்ள கட்டங்களைச் சிவப்பாக்கச் சொன்னேன். ஆக்கிவிட்டு ஊர்ப்பெயர்களை மெதுவாகப் படித்தாள். முதல் அட்டவணையாக இதுதான் வர வேண்டும் சார் என்றாள். அத்தியாயத்தை மாற்றி எழுத இரண்டு நாள் வேண்டும். கீழே பைண்டிங் கடைக்காரரிடம் போய்த் தவணை கேட்டுவிட்டு வந்தோம்.